"ஆன்மிகத் தேவை" என்ற கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?

மஞ்சூர் செவிலி | ஞாயிறு, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் அட்மிஷன் படிவத்தை மாற்றினார்கள். மூன்றாம் பக்கத்தில், அலர்ஜி, பல் செட், கண்ணாடி எல்லாம் முடிந்த பிறகு, "ஆன்மிக மற்றும் கலாச்சாரத் தேவைகள்" என்று ஒரு கட்டம் வந்தது. அதை எப்படி நிரப்புவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் அதில் எழுதுவது இரண்டே இரண்டு: மதத்தின் பெயர், இல்லாவிட்டால் "எதுவுமில்லை". நோயாளியோடு வந்த அட்டெண்டரிடம் கூடக் கேட்பதில்லை. பெயரைப் பார்த்தே எழுதிவிடுகிறோம்.

நவம்பரில் ஒரு படுகப் பாட்டி எங்கள் வார்டில் இருந்தார். எண்பது தாண்டிய வயது, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போக மாட்டார் என்று டாக்டர் மகனிடம் சொல்லியாயிற்று. அன்று என் ராத்திரி டியூட்டி. பன்னிரண்டு மணிக்கு மேல் பாட்டி தவிக்க ஆரம்பித்தார். வலது கையைத் தூக்கி வாயருகே கொண்டுபோவார், கதவுப் பக்கம் பார்ப்பார், மறுபடியும் கை வாய்க்குப் போகும். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து உதட்டை நனைத்தேன். தலையை ஆட்டிவிட்டார். மூச்சுத் திணறல் என்று ஆக்சிஜனைக் கூட்டினேன். அப்புறம் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன ஊசியைப் போட்டேன். பாட்டி அடங்கினார். நாலரை மணிக்குப் போய்விட்டார்.

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மகனை ராத்திரி முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். காலையில் அவர் உள்ளே வந்து, இடுப்பில் முடிந்திருந்த ஒரு வெள்ளைத் துணியை அவிழ்த்தார். அதில் சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு பொற்காசு. "ராத்திரி ஒரு தடவை உள்ள விட்டிருந்தா குடுத்திருப்பேன் சிஸ்டர்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் தூங்க விடாமல் செய்கிறது.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் "இந்து" என்று இருந்தது.

அந்தக் கட்டத்தை எப்படிக் கேட்டு எழுத வேண்டும்? செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

---

ஹட்டிப் பெண் | ஞாயிறு, இரவு 11:30

அக்கா, நான் கோத்தகிரி பக்கத்துப் படுகப் பெண். படித்ததும் கண் கலங்கிவிட்டது. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

அந்தக் காசை நாங்கள் ஹண என்போம். உயிர் பிரியப் போகிறது என்று தெரிந்தால் அதை நெய்யில் தோய்த்து வாயில் வைப்பது பழைய வழக்கம். போகிற வழிக்குக் கையில் கொடுத்து அனுப்புவது போல. விழுங்க முடியாத நிலையில் இருந்தால் கையில் கட்டிவிடுவதும் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு அப்புறம், சாவு வீட்டில், கரு ஹரசோது என்று ஒரு சடங்கு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, கூடி நிற்பவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். செத்தவர் அத்தனையும் செய்தார் என்று அர்த்தமில்லை. முன்னோர் செய்தது, தெரியாமல் நடந்தது எல்லாம் அங்கேயே கழிந்துவிட வேண்டும், பாரம் இல்லாமல் போக வேண்டும் என்பதுதான்.

உங்கள் பாட்டிக்கு அந்தச் சடங்கு ஊரில் நடந்திருக்கும். காசையும் மகன் வைத்திருப்பார். ஆனால் பாட்டி கேட்டது உயிரோடு இருக்கும்போது.

"இந்து" என்று எழுதினது தப்பில்லை அக்கா. ஆனால் அதை வைத்து இந்தக் காசைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து ஹட்டியில் (எங்கள் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்) வேறு மாதிரி செய்வார்கள், இன்னொரு வீட்டில் இதெல்லாம் விட்டே போயிருக்கும். கேட்டால்தான் தெரியும்.

---

மலை மருத்துவர் | திங்கள், காலை 7:15

சிஸ்டர், முதலில் ஒன்று. அன்று நீங்கள் செய்தது மருத்துவப்படி தவறில்லை. கடைசிக் கட்டத்தில் நோயாளி தவித்தால் வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், மருந்தால் வந்த குழப்பம் இவை இருக்கிறதா என்று முதலில் பார்க்கத்தான் வேண்டும். "மனக்கவலை" என்று முடிவு கட்டி, நிரம்பிக் கிடக்கும் மூத்திரப்பையைக் கவனிக்காமல் விட்ட கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பெரிய கொடுமை.

ஆனால் உடம்பைப் பார்த்து முடித்த பிறகும் தவிப்பு தீரவில்லை என்றால் அடுத்த கேள்வி வர வேண்டும். சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் இதைத்தான் சொன்னார். நர்ஸாகத் தொடங்கி, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்தவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது முடிவு நெருங்கியவர்களைக் கவனிக்கும் இல்லத்தை, தொடங்கினார். அவர் கொண்டுவந்த "முழு வலி" என்ற கருத்தில் உடல், மனம், குடும்பம் மற்றும் பணம், ஆன்மிகம் என நாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போயும் வலி அடங்கவில்லை என்றால் மற்ற மூன்றில் எது இழுக்கிறது என்று பார்க்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு எழுதிய வரையறையிலும் ஆன்மிகப் பிரச்சினைகளைக் கண்டறிந்து கவனிப்பது அதில் ஒரு பகுதி என்றே இருக்கிறது.

ஆக, இது மருத்துவமனைத் தரச் சர்டிஃபிகேட்டுக்காக யாரோ நுழைத்த கட்டமில்லை. நிரப்பக் கற்றுத் தராமல் விட்டதுதான் பிரச்சினை.

---

பழைய வார்டு சிஸ்டர் | திங்கள், மதியம் 2:40

கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மஞ்சூர் பொண்ணே, நீ இன்னும் தூங்காமல் இருக்கிறாய் என்றால் நீ நல்ல நர்ஸ். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இதற்கென்று வெளிநாட்டில் பல கேள்வித் தொகுப்புகள் செய்திருக்கிறார்கள். அதிகம் பேருக்குத் தெரிந்தது ஃபிகா. 1996-இல் கிறிஸ்டினா புஹால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் நாலு எழுத்து, நாலு கேள்வி: எதன்மேல் நம்பிக்கை, அது அவருக்கு எவ்வளவு முக்கியம், அவரைத் தாங்குகிற கூட்டம் எது, நாம் என்ன செய்ய வேண்டும். வகுப்பில் இதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். வார்டில் அப்படியே தமிழில் சொன்னால் வேலைக்கு ஆகாது. "உங்கள் ஆன்மிக நம்பிக்கை என்ன?" என்று கேட்டுப் பார், மன்னவனூரிலிருந்து வந்த பூண்டு விவசாயி உன்னைத் திருதிருவென்று பார்ப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர், இவருக்கு முடிவு நெருங்கிவிட்டது போலிருக்கிறது என்று பயந்துவிடுவார்.

நான் கேட்டது இப்படித்தான்:

"இந்த மாதிரி நேரத்துல உங்க மனசுக்குத் தெம்பு குடுக்கறது எதுங்கய்யா?"

"இங்க வந்து படுத்ததுல எதை விட்டுட்டு வந்தோமேன்னு இருக்கு?"

"யாரு வந்து பக்கத்துல உக்காந்தா நல்லா இருக்கும்?"

"நாங்க தெரியாம செஞ்சிடக் கூடாதுன்னு ஏதாச்சும் இருக்கா?"

கடைசிக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே சேர்த்துக்கொண்டது. மற்ற மூன்றுக்கும் வாயே திறக்காதவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள். "இந்தக் கயித்தை அறுக்காதீங்கம்மா." "வெள்ளிக்கிழமை கறிச்சாறு குடுத்துடாதீங்க." "ஆம்பளை நர்ஸ் வேண்டாம்." "என் தலைமாட்டுல பைபிள் இருக்கு, அதுமேல மருந்து டிரே வைக்காதீங்க." இதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். அட்மிஷன் மேஜையில் கேட்காதே, அங்கே மகன் அட்வான்ஸ் கட்டுகிற கவலையில் இருப்பான். முதல் நாள் சாயங்காலம், உடம்பு துடைத்துவிடும்போது கேள். முதுகைத் துடைக்கிறவளிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை.

---

நர்சிங் மூன்றாம் ஆண்டு | திங்கள், மாலை 6:05

அம்மா, ஒரு சந்தேகம். எங்கள் பாடத்தில் "ஆன்மிகத் துயரம்" என்று ஒரு நர்சிங் டயக்னோசிஸ் வருகிறது. 1978-இலேயே நாண்டா என்ற நர்சிங் டயக்னோசிஸ் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். ஆனால் கேர் பிளான் எழுதும்போது எங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதுவது "நோயாளியைக் கடவுளை வேண்டச் சொல்லி ஊக்கப்படுத்துதல்". மார்க்கும் போடுகிறார்கள். இது சரியா? கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றால் என்ன எழுதுவது?

---

கருப்புச் சட்டைக்காரர் மகன் | திங்கள், இரவு 9:18

தங்கையின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நர்சிங் தெரியாது, நோயாளியின் மகன்.

அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். சின்ன வயதிலிருந்து பெரியார் வழி. எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படம் ஒன்றுகூடக் கிடையாது. நாலு வருடம் முன் ஒரு மருத்துவமனையில் வயிற்றில் ஆபரேஷன். கண் விழித்தபோது நெற்றியில் விபூதி. அன்போடு யாரோ வைத்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அப்பாவின் இரண்டு கையிலும் டியூப். துடைக்க முடியவில்லை. நான் உள்ளே போனதும் முதல் வார்த்தை, "இதைத் துடைடா." கண்ணில் தண்ணீர் நின்றது. எழுபத்தைந்து வருடம் எதற்காக நின்றாரோ அதை, மயக்கத்தில் இருந்தபோது எடுத்துவிட்டார்கள் என்ற அவமானம்.

அப்படியானால் அவருக்கு ஆன்மிகத் தேவை இல்லை என்று "எதுவுமில்லை" எழுதிவிடலாமா? இல்லை. அவருக்கு ஒரு பெரிய தவிப்பு இருந்தது. உடலைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுக்க எழுதி வைத்திருந்தார். தான் போன பிறகு சொந்தக்காரர்கள் சேர்ந்து சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்களோ என்ற பயம். வருகிற நர்ஸ் எல்லோரிடமும் "படிவம் பையன்கிட்ட இருக்கு" என்று சொல்வார். எல்லோரும் "அதெல்லாம் இப்ப எதுக்கு தாத்தா, நல்லாயிடும்" என்று போய்விடுவார்கள். ஒரே ஒரு சிஸ்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் நம்பரை வாங்கி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "உடல் தானம், படிவம் மகனிடம், உடனே தகவல் தரவும்" என்று எழுதி, அதை அப்பாவுக்குக் காட்டினார். அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை படித்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள் தங்கச்சி. ஆன்மிகம் என்ற சொல்லை அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த சிஸ்டர் தொட்டது அந்த இடத்தைத்தான்.

---

பழைய வார்டு சிஸ்டர் | திங்கள், இரவு 9:50

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கம்.

பொண்ணே, உன் பரீட்சைத்தாளில் இதை எழுது: "எதன் மீது பற்று, எது அர்த்தம் தருகிறது, எது அறுந்து போனதாக உணர்கிறார் என்று கேட்டறிதல்." மார்க் குறைந்தால் குறையட்டும். வேண்டச் சொல்லி ஊக்கப்படுத்துவது கேட்டறிதல் ஆகாது.

---

லயத்து மகள் | செவ்வாய், காலை 11:20

எங்கள் குடும்பம் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்தது. அம்மா கொழுந்து பறித்தவர். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன்.

தியேட்டருக்குப் போகும் முன் நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே மின்சாரத்தால் சுடும் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. தாலியைக் கழற்றச் சொன்னதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா வெளியே நிற்கிறார், நெஞ்சு வலிக்காரர். கழற்றிய நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பதுதான் அம்மாவின் பயம். அதைச் சொல்லவும் வெட்கம். நர்ஸ் ஒருவர் "படிச்ச பொண்ணு நீயாவது எடுத்துச் சொல்லும்மா" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். பிரஷரைப் பார்த்தால் ஏறிப் போய்க் கிடக்கிறது. ஆபரேஷனைத் தள்ளி வைக்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஷிஃப்ட் மாறி வந்த இன்னொரு சிஸ்டர் அம்மாவிடமே கேட்டார்: "எதுக்கும்மா பயப்படறீங்க?" அம்மா சொன்னார். அந்த சிஸ்டர் என்னைக் கடைக்கு அனுப்பி மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கி வரச் சொன்னார். அப்பாவை உள்ளே கூப்பிட்டு முதலில் மஞ்சள் கயிற்றைக் கட்டச் சொன்னார், அப்புறம்தான் தாலிக்கொடியைக் கழற்றி அப்பா கையிலேயே கொடுத்தார். கயிற்றின் மேல் காஸ் துணி வைத்துப் பிளாஸ்திரி போட்டார். கழுத்து ஒரு நிமிடம்கூட வெறுமையாக இல்லை. ஒரு மணி நேரத்தில் பிரஷர் இறங்கியது. செலவு இருபது ரூபாய் இருக்குமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்மிஷனில் "மதம்?" என்று கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்தார். அடுத்து சாதி கேட்பார்களோ என்ற பயம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வி ஆறுதலாக வருவதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "உங்களை நல்லா கவனிக்கறதுக்காகக் கேக்கறேன், விருப்பம் இல்லேன்னா விட்டுடுங்க" என்றால் போதும்.

---

ஊட்டி வாசி | செவ்வாய், மதியம் 1:02

எங்கள் அத்தையிடம் ஒரு நர்ஸ் கேட்காமலே தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். மதமாற்ற வேலையோ என்று வீட்டில் பெரிய சண்டை. இந்த மாதிரிக் கேள்விகளை அனுமதித்தால் இதுதான் நடக்கும்.

---

பழைய வார்டு சிஸ்டர் | செவ்வாய், மதியம் 3:33

ஊட்டி வாசி அவர்களே, உங்கள் கோபம் நியாயம். நானே தினமும் ஜெபிக்கிற கிறிஸ்தவள். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: நோயாளி கேட்காமல் நம்முடைய நம்பிக்கையை அவர் படுக்கைக்குக் கொண்டு போகக் கூடாது. எழுந்து போக முடியாதவரிடம் செய்கிற எதற்கும் "அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே" என்பது சாக்கு ஆகாது. விபூதி வைத்தவருக்கும் இதே பதில்தான்.

ஆனால் அதற்காகக் கேட்காமலே விட்டால் இதே தவறுதான் இன்னும் அதிகமாக நடக்கும். உங்கள் அத்தையிடம் அந்த நர்ஸ் முதலில் கேட்டிருந்தால் அந்தக் கை தலைக்குப் போயே இருக்காது.

என் காலத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, வீட்டார் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. முகம் கிப்லாப் பக்கம், அதாவது மெக்கா இருக்கும் திசையில், இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். நானும் வார்டு பாயும் கட்டிலைச் சுற்றித் திருப்பினோம், ஆக்சிஜன் டியூப் எட்டவில்லை என்று இன்னொரு நீளத்தைச் சேர்த்தோம். நான் எந்த வசனமும் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. கட்டிலைத் திருப்பினது நர்ஸ் வேலை. அவ்வளவுதான்.

எங்கள் கொடைக்கானலில்தான் 1960-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா காலமானார், வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கியவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்கு அழைத்தார்கள், ஆண் டாக்டர் கூடாது என்றார்கள், மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அப்போது அவர் டாக்டரே இல்லை, அப்பாவைப் பார்க்க வந்த இளம்பெண். அந்த வீட்டாரைத் திருத்தப் புறப்படாமல், தானே பெண் டாக்டராகித் திரும்பி வந்தார். நர்சிங் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் சொல்லாத வருடம் இல்லை.

---

நெறியாளர் | செவ்வாய், மாலை 5:10

மதமாற்றம் பற்றி மட்டும் பேசிய பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே வார்டு அனுபவம் தொடரட்டும்.

---

கூடலூர் களப்பணியாளர் | புதன், காலை 6:48

நான் பன்னிரண்டு வருடமாகக் கூடலூர், பந்தலூர் ஆதிவாசி ஊர்களில் சுகாதாரப் பணி செய்கிறேன்.

பணியர் குடும்பத்தில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எட்டுப் பேர் கூட வருவார்கள். வாட்ச்மேன் ஏழு பேரை விரட்டுவார். மறுநாள் காலையில் படுக்கை காலி, "சொல்லாமல் ஓடிவிட்டார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். நான் ஊருக்குப் போய்க் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "தனியா படுக்கப் பயமா இருந்துச்சு." தன் ஆட்கள் இல்லாத இடத்தில், இதற்கு முன் யார் யாரோ செத்த கட்டிலில், ராத்திரி தனியாகப் படுப்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஊர் மூப்பன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால், இன்னும் ஒரு ஆளைக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்க விட்டிருந்தால், ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்திருக்கும்.

ஃபிகாவில் மூன்றாவது கேள்வி, கூட்டம் பற்றியது என்று அம்மா எழுதியிருக்கிறார்களே, எங்கள் பக்கம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். "நீங்கள் எதை நம்புகிறீர்கள்" என்று ஒருத்தரைத் தனியாகக் கேட்டால் பதில் வராது. "யார் கிட்டக் கேட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டால் வரும்.

கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு 1990-இல் தொடங்கியது. அங்கே ஆதிவாசிப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தார்கள். அது ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பணியப் பாட்டி ஒருவர் தன் பேச்சிலேயே "மகளே" என்று கூப்பிட்டு, பதிலும் அதே பேச்சில் வருவதை ஒருநாள் கேட்டேன். அன்றுதான் புரிந்தது.

இன்னொன்று. மந்திரித்துக் கட்டிய கயிறு, தாயத்து இருந்தால் கிண்டல் வேண்டாம். ஊசி போட இடம் வேண்டும் என்றால், "கொஞ்சம் மேல தள்ளிக் கட்டிக்கலாமா?" என்று கேளுங்கள். அறுத்தே ஆக வேண்டும் என்றால் அறுத்த துண்டைக் குப்பையில் போடாமல் வீட்டார் கையில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் கிடப்பதைப் பார்த்த அன்றோடு ஊசியின் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

---

மஞ்சூர் செவிலி | புதன், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் பயம். மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, நேரம். ராத்திரி இருபத்தெட்டு படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். இரண்டு, அடிப்படைப் பாதுகாப்பு. நெய்யில் தோய்த்த காசை, விழுங்கும் சக்தி இல்லாதவர் வாயில் வைக்க நான் எப்படி விடுவது? மூன்று, ரகசியம். போன வாரம் ஒரு அம்மா டிரெஸ்ஸிங் செய்யும்போது, முப்பது வருடம் முன்னால் வீட்டை விட்டுப் போன மகளைப் பற்றிச் சொன்னார். கணவருக்குக் கூடத் தெரியாத சங்கதிகள். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதா?

---

மலை மருத்துவர் | புதன், இரவு 10:12

இரண்டாவதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். விழுங்க முடியாதவர் வாயில் காசு போனால் மூச்சுக்குழாயில் சிக்கலாம். அதனால் காசை வீட்டார் விரலால் பிடித்தபடியே உதட்டில் தொட்டு எடுக்கலாம், நெய்யைக் காஸ் துணியில் ஒரு துளி எடுத்து உதட்டில் தடவலாம், அப்புறம் காசைக் கையில் கட்டிவிடலாம். அந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்று ஹட்டிப் பெண் சொன்னதே நல்ல வழி. துளசித் தீர்த்தம், ஜம்ஜம் நீர் எல்லாவற்றுக்கும் இதுதான்: நனைத்த காஸ், உதடு. கற்பூரம், ஊதுபத்தி மட்டும் வேண்டாம், ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பு கூடவே கூடாது. விபூதி வைக்கச் சொன்னால் நெற்றியில் வைக்கலாம், தொண்டையில் துளை போட்டவருக்கு ஊதிவிடக் கூடாது. முடியாது என்று சொல்லும் இடத்தில் காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னால் நான் பார்த்தவரை எந்த வீட்டாரும் சண்டை போட்டதில்லை.

நேரத்துக்கு: ஒற்றைக் கேள்வியே போதும் என்று ஒரு ஆய்வு 2006-இல் வந்தது. "நீங்கள் அமைதியாக இருக்கிறீர்களா?" என்பதுதான் கேள்வி. இல்லை என்று சொல்பவரிடம் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும்.

---

பழைய வார்டு சிஸ்டர் | புதன், இரவு 10:45

டாக்டர் சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் "மனசு அமைதியா இருக்கா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் "இருக்குங்க சார்" என்றுதான் சொல்வார்கள். டாக்டரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதை. ஒற்றைக் கேள்விதான் வேண்டும் என்றால் "ராத்திரி முழிப்பு வந்தா என்ன நினைச்சுக்கிட்டு படுத்திருப்பீங்க?" என்று கேட்கலாம். அதற்கு "இருக்கு", "இல்லை" என்று பதில் சொல்ல முடியாது.

மகளைப் பற்றிச் சொன்ன அம்மா விஷயம். கதையை எழுதாதே. தேவையை மட்டும் எழுது. "ஒருவரிடம் பேச விரும்புகிறார், யார் என்பதை அவரே சொல்வார், தனியாகக் கேட்கவும்." அவ்வளவு போதும். ஷீட்டைக் கணவரும் பார்ப்பார், இன்ஷூரன்ஸ்காரரும் பார்ப்பார். அப்புறம், எழுதுவதற்கு முன் "இதைக் குறிச்சு வெச்சுக்கட்டுமாம்மா?" என்று அவரிடமே கேள்.

---

மஞ்சூர் செவிலி | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 9:40

டியூட்டி முடித்து வந்து எழுதுகிறேன்.

எங்கள் நர்சிங் சூப்பர்வைசரிடம் இந்த இழையைக் காட்டினேன். படிவத்தை மாற்ற முடியாது என்றார். ஆனால் அந்தக் கட்டத்தை அட்மிஷனில் நிரப்பாமல், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வார்டில் கேட்டு நிரப்பலாம் என்று ஒத்துக்கொண்டார். முடிவு நெருங்கிய நோயாளி என்று டாக்டர் எழுதிய கேஸுக்கு மட்டும் ராத்திரி ஒரு ஆளை உள்ளே விடலாம் என்றும் வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. எத்தனை நாள் நிற்கும் தெரியாது.

பாட்டியின் மகனுக்கும் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஹெத்தே அம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வாங்க சிஸ்டர்" என்றார்.

இந்த வாரம் ஒரு தாத்தா, தேயிலைத் தோட்டத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கால் புண், சர்க்கரை. இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், டிஸ்சார்ஜ் கேட்டு நச்சரிக்கிறார். டிரெஸ்ஸிங் மாற்றும்போது கொடைக்கானல் அம்மாவின் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன், எதை விட்டுவிட்டு வந்தோமே என்று இருக்கிறது என்று. காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: தோட்டத்து வளைவில் ஒரு முனியாண்டிக் கல். முப்பத்தோரு வருடமாக வெள்ளிக்கிழமை விளக்கு போடுவது அவர்தான். மனைவி செத்த வாரம்கூடப் போட்டாராம். இரண்டு வெள்ளி போய்விட்டது. கால் புண் ஆறாததற்கு அதுதான் காரணம் என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

புண் ஏன் ஆறவில்லை என்று சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அப்புறம் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஆள் நம்பரை வாங்கிப் பேசினேன். நேற்று சாயங்காலம் அந்தத் தம்பி விளக்குப் போட்டு, படம் பிடித்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினான். தாத்தாவிடம் காட்டினேன். போனை வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "திரியைப் பெருசா போட்டிருக்கான், எண்ணெய் சீக்கிரம் தீந்துடும்" என்றார். ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டார்.

---

நர்சிங் மூன்றாம் ஆண்டு | சனி, காலை 10:15

அக்கா, அதை அடுத்த ஷிஃப்டுக்குத் தரும் ஹேண்டோவரில் எப்படி எழுதினீர்கள்? அப்படியே போட முடியுமா? எங்களுக்குக் கிளினிக்கல் போஸ்டிங் ஆரம்பிக்கிறது.

---

மஞ்சூர் செவிலி | சனி, காலை 10:31

இதோ, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்:

"ஆன்மிக / கலாச்சாரத் தேவை: ஊரில் வெள்ளி விளக்கு போடும் பொறுப்பு நோயாளியுடையது. பக்கத்து வீட்டார் போடுகிறார். வெள்ளி மாலை 6 மணிக்குப் படம் வரும், வார்டு போனில். நோயாளியிடம் காட்டவும். சின்னத் திரி போடச் சொல்லவும்."